ஒலிப்பதிவில் உரப்பு ஒடுக்கம்: பூநகரி அருவிவெட்டுப் பாடலை முன்னிறுத்திய ஒரு நோக்கு

1. முன்னுரை

இசையை ஒலிப்பதிவு செய்வோர் கையாளும் நுட்பங்களுள், கேட்போரின் கவனத்துக்கு வராமலே கேட்கப்படும் பொருளை மாற்றிவிடக்கூடியது 'ஒடுக்கம்' ஆகும். இதனைச் செய்யும் கருவியை ஒலிப்பதிவுக் கூடத்தினர் 'கொம்பிரெசர்' என்பர். இக்கட்டுரையில் அது 'ஒடுக்கி' எனக் குறிக்கப்படுகின்றது. உரத்த ஒலியைத் தாழ்த்தி, மெல்லொலியை உயர்த்தி, இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைப்பதே அதன் தொழில். வானொலியிலும் திரைப்படத்திலும் கைத்தொலைபேசியிலும் நாம் கேட்கும் பாடல்களுள் மிகப் பெரும்பாலானவை ஏதோவொரு கட்டத்தில் இக்கருவியைக் கடந்தே நம்மை வந்தடைகின்றன.

இங்கு ஒரு மயக்கத்தை முதலிலேயே நீக்குதல் வேண்டும். பௌதிகவியலில் ஒலியலை செல்லும்போது வளித்துணிக்கைகள் நெருங்குவதை நெருக்கல் என்பர். கணினியில் ஒரு கோப்பினைச் சிறிதாக்கி 'எம்பி3' போன்ற வடிவிற் சேமிப்பதைச் சுருக்கல் என்பர். இவ்விரண்டும் நாம் ஆராயப்போகும் பொருள் அல்ல. ஒலியின் உரப்பு ஏறி இறங்கும் எல்லையைக் குறுக்குவதே இங்கு பேசப்படும் ஒடுக்கம்.

நாட்டார் பாடல்களை ஆராயும் நாம், பாடலின் சொல்லையும் பொருளையும், பாடுவோரின் சமூக வாழ்வையும் நுணுகி நோக்கியுள்ளோம். ஆனால் அப்பாடலை நமக்குக் கொண்டுவந்து சேர்த்த கருவி என்ன செய்தது என்ற வினாவை அரிதாகவே எழுப்பியுள்ளோம். சொற்களை எழுத்திற் பெயர்த்தவுடன் ஒலிநாடாவின் பணி முடிந்துவிட்டது என்ற எண்ணம் நம்மிடையே நிலவுகின்றது. தொழிற்பாடலைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பெருந்தவறாகும். ஒருவர் பாடப் பலர் ஏற்றுப் பாடும் அத்தகைய பாடலில், எத்தனைபேர் பாடினர் என்பதை எழுத்து நமக்குக் காட்டாது, ஒலியே காட்டும். ஒடுக்கி முதலில் அழிப்பதும் அதனையே.

இதனை விளக்குதற்குப் பூநகரியை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணக் கடனீரேரியின் தென்கரையில், இன்றைய கிளிநொச்சி மாவட்டத்தில் அமைந்த இப்பிரதேசம், மழையை நம்பிய நெல் வயல்களுக்கும் மொட்டைக்கறுப்பன் நெல்லுக்கும் பெயர் பெற்றது. இதன் தொன்மையினைப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் 1993 இல் வெளியிட்ட 'பூநகரி தொல்பொருளாய்வு' என்னும் நூல் வெளிக்கொணர்ந்தது. மண்ணுள் புதைந்த சான்று அகழ்வோருக்காகக் காத்திருக்கும். பாடுவோரின் குரலோ அவ்வாறு காத்திருப்பதில்லை. வெட்டவெளியும் ஓயாத காற்றும், ஒருகாலத்தில் வானொலியையே பெரிதும் நம்பிய கேட்போரும் என ஒடுக்கத்தின் தேவையையும் தீங்கினையும் ஒருங்கே காணத்தக்க இடமாகவும் இது விளங்குகின்றது.

2. உரப்பு வீச்சு

ஓர் இசையில் கேட்கத்தக்க மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையிலுள்ள தூரத்தை உரப்பு வீச்சு எனலாம். இது தெசிபெல் என்னும் அலகினால் அளக்கப்படும். தெசிபெல் கூட்டல் முறையில் ஏறும் அலகன்று. பெருக்கல் முறையில் ஏறுவது. ஒலியின் ஆற்றல் இரு மடங்காகும்போது அளவு ஏறக்குறைய 3 தெசிபெல் உயரும். பத்து மடங்காகும்போது 10 தெசிபெலும், நூறு மடங்காகும்போது 20 தெசிபெலும் உயரும். மனிதச் செவி ஏறக்குறைய 120 தெசிபெல் வீச்சினைத் தாங்கவல்லது.

இவ்வலகின் பொருளை ஒரு குழுப்பாடலைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். ஒலிவாங்கியிலிருந்து சம தூரத்தில் நிற்கும் முப்பதுபேர், ஒவ்வொருவரும் சம வலிமையுடன் பாடுகின்றனர் எனக் கொள்வோம். அவர்களின் கூட்டொலி ஒருவரின் ஒலியைவிட ஏறக்குறைய 15 தெசிபெல் உயர்ந்திருக்கும். அதாவது தலைவர் தனித்துப் பாடும் அடிக்கும் கூட்டத்தார் ஏற்றுப் பாடும் அடிக்கும் இடையே 15 தெசிபெல் இடைவெளி காணப்படும். இந்த இடைவெளியே 'முப்பதுபேர்' என்ற செய்தியைச் செவிக்கு உணர்த்தும் முதன்மையான சான்றாகும்.

செவியின் வீச்சு பெரிதாயினும் பதிவுச் சாதனங்களின் வீச்சு அவ்வாறன்று. ஒவ்வொரு சாதனத்துக்கும் கீழே ஒரு தரையும் மேலே ஒரு கூரையும் உண்டு. கீழே சாதனத்தின் சொந்த இரைச்சல். அதனினும் மெல்லிய ஒலி அதனுள் அமிழ்ந்துவிடும். மேலே சாதனம் தாங்கக்கூடிய உச்சம். அதனைக் கடந்த ஒலி உடைந்து கரகரக்கும். பழைய 78 சுற்று இசைத்தட்டில் இவ்விரண்டுக்கும் இடையே 30 முதல் 40 தெசிபெல் வரையான இடமே இருந்தது. இரைச்சல் தணிப்பு இல்லாத ஒலிநாடாக் கசெற்றில் இது ஏறக்குறைய 50 தெசிபெல். 1982 இல் சந்தைக்கு வந்த இறுவட்டில் 96 தெசிபெல். இன்றைய 24 பிற்று இலக்கமுறைப் பதிவில் கொள்கையளவில் இது 144 தெசிபெல் ஆகும். இவ்வெண்களின் ஏற்றம் நமது வாதத்துக்கு முக்கியமானதாதலால் பின்னர் இதற்கு மீள்வோம்.

3. ஒடுக்கியின் இயக்கம்

ஒடுக்கியை, உரப்புக் குமிழின்மீது கைவைத்துக் காத்திருக்கும் ஒருவரோடு ஒப்பிடலாம். ஒலி வரம்பு மீறும்போது அவர் குமிழைத் தாழ்த்துகிறார். ஒலி தணிந்ததும் மீண்டும் பழைய நிலைக்குத் திருப்புகிறார். மனிதக் கை செய்யும் இவ்வேலையைக் கருவி ஆயிரத்திலொரு செக்கனில் செய்கின்றது. அதனை ஆளுவதற்கு ஐந்து அளவீடுகள் உள்ளன.

முதலாவது தொடக்க மட்டம்: எந்த உரப்புக்கு மேலே கருவி செயற்படத் தொடங்கவேண்டும் என்பது. இரண்டாவது விகிதம்: மட்டத்தைக் கடந்த ஒலியில் எவ்வளவு அனுமதிக்கப்படும் என்பது. மூன்றாவது பிடி நேரம்: மட்டம் மீறப்பட்டபின் கருவி முழுமையாகச் செயற்பட எடுக்கும் நேரம். நான்காவது விடு நேரம்: ஒலி தணிந்தபின் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம். ஐந்தாவது ஈடுசெய் பெருக்கம்: உச்சங்களைத் தாழ்த்தியதால் ஏற்பட்ட இழப்பை ஈடுசெய்ய முழு ஒலியையும் உயர்த்தும் அளவு.

ஓர் எடுத்துக்காட்டினைக் காண்போம். சாதனத்தின் உச்சத்தைச் சுழியம் எனக் கொண்டு கீழ்நோக்கி அளப்பது மரபு. தொடக்க மட்டம் −20 தெசிபெல், விகிதம் 4 இற்கு 1 என வைப்போம். −8 தெசிபெல் உரப்புடன் வரும் ஓர் ஒலி மட்டத்தை 12 தெசிபெலால் கடக்கின்றது. அதில் நான்கிலொரு பங்காகிய 3 தெசிபெல் மட்டுமே அனுமதிக்கப்படும். ஆகவே அது −17 இல் வெளியேறும். 9 தெசிபெல் குறைக்கப்பட்டுள்ளது. இனி முழு ஒலியையும் 9 தெசிபெலால் உயர்த்தினால் உச்சம் மீண்டும் −8 இற்கு வந்துவிடும். ஆனால் −40 இல் இருந்த மெல்லொலி −31 இற்கு ஏறியிருக்கும். கூடவே பின்னணி இரைச்சலும் 9 தெசிபெலால் ஏறியிருக்கும். ஒடுக்கத்தின் பயனும் அதன் விலையும் இக்கணக்கினுள் அடங்கியுள்ளன.

விகிதத்தை 10 இற்கு 1 அல்லது அதற்கு மேல் வைத்தால் கருவி ஏறக்குறைய எதனையும் மட்டத்தைக் கடக்கவிடாது. அந்நிலையில் அதனை 'எல்லைப்படுத்தி' என்பர்.

4. தோற்றமும் தேவையும்

ஒடுக்கம் ஓர் அழகியல் விருப்பிலிருந்து தோன்றியதன்று. தொடர்பாடலின் தேவையிலிருந்தே தோன்றியது. 1925 இல் மின்முறை ஒலிப்பதிவு வருவதற்கு முன், பாடகர் ஒரு பெருங்கூம்பினுள் பாடினர். உச்சத்தாயியிற் குரலெழுப்பும்போது கூம்பிலிருந்து பின்வாங்கியும், மெல்லப் பாடும்போது அதனை நெருங்கியும் பாடுதல் வேண்டும். அன்று பாடகரின் உடலே ஒடுக்கியாகத் தொழிற்பட்டது.

வானொலி வந்தபோது தேவை பன்மடங்காகியது. மத்திய அலை ஒலிபரப்பில், நிகழ்ச்சியின் ஒலி காவியலையின் வீச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் செல்கின்றது. ஒலி அளவுக்கு மீறினால் காவியலை இடையிடையே அறுந்து, கேட்போரிடம் கரகரப்பாகச் சென்று சேரும். ஒலி மிக மென்மையாயின் வானத்து மின்னிரைச்சலில் அது மூழ்கும். இவ்விரண்டுக்கும் நடுவே ஒலியை இறுக்கிப் பிடிப்பதற்கே தன்னியக்க எல்லைப்படுத்திகள் உருவாகின. 1937 இல் அமெரிக்காவின் வெஸ்ரேண் எலெக்றிக் நிறுவனம் வெளியிட்ட 110ஏ என்னும் விரியலாக்கி அவற்றுள் முன்னோடியானது.

அதே காலத்தில் பெல் ஆய்வுகூடத்தினர் சமுத்திரம் கடந்த வானொலித் தொலைபேசிக்கென வேறொரு வழியைக் கண்டனர். 1934 இல் விவரிக்கப்பட்ட அவ்வழியில், அனுப்பும் முனையில் குரல் ஒடுக்கப்பட்டது. பெறும் முனையில் அதே விகிதத்தில் மீண்டும் விரிக்கப்பட்டது. 1960களில் ஒலிநாடாவின் இரைச்சலைத் தணிக்க வந்த டொல்பி முறையும் இத்தத்துவத்தின் வழிப்பட்டதே. ஒடுக்கப்பட்டது மீள விரிக்கப்படுமாயின் இழப்பு மிகச் சிறிது. விரிக்கும் வழி இல்லாதபோதே இழப்பு நிலைபெறுகின்றது. இவ்வேறுபாட்டினை மனங்கொள்ளுதல் அவசியம்.

கொழும்பில் வானொலி ஒலிபரப்பு 1925 டிசெம்பரில் முறையாகத் தொடங்கியது. 1949 இல் அது இலங்கை வானொலி எனவும், 1967 இல் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் எனவும் பெயர் பெற்றது. வன்னியின் கிராமங்களுக்கு மின்சாரம் எட்டாத பல தசாப்தங்களில், மின்கலத்தில் இயங்கிய சிறிய திரான்சிற்றர்ப் பெட்டியே உலகுக்கான சாளரமாயிருந்தது. உள்ளங்கை அகலமேயான ஒலிபெருக்கி, வயற்காற்று, தொலைவிலுள்ள ஒலிபரப்பி ஆகிய இவற்றுக்கிடையே ஒரு பாடல் கேட்கவேண்டுமாயின் அது ஒடுக்கப்பட்டிருத்தல் இன்றியமையாதது.

1990 இன் பின் வடபகுதிமீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் மின்கலங்களும் அடங்கின. அக்காலத்தில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மக்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, தைனமோவிலிருந்து பெற்ற மின்னோட்டத்தில் வானொலி கேட்டனர். சுற்றும் கை தளர்ந்தால் குரலும் தளர்ந்தது. செய்தி வாசிப்பவரின் ஒரு சொல் தவறினும் ஓர் ஊரின் பாதுகாப்புப் பற்றிய செய்தி தவறிவிடக்கூடிய நாள்கள் அவை. அன்று அச்சிறு பெட்டியைச் சூழ்ந்திருந்தோருக்கு, ஒவ்வொரு சொல்லையும் ஒரே உரப்பிற் கொண்டுவந்து தந்த ஒடுக்கம் பேருதவியாகவே இருந்தது. எனவே ஒடுக்கம் இசைக்குச் செய்யப்படும் கேடு என்று பொதுப்படக் கூறுவோர் கேட்போரின் நிலைமையை மறந்தவராவர்.

5. இசையாக்கத்தில் ஒடுக்கம்

தேவையிற் பிறந்த கருவி காலப்போக்கில் இசையாக்கத்தின் கருவியாகவும் மாறியது. 1950களின் இறுதியில் வந்த, இருபது வால்வுகளைக் கொண்ட பெயர்ச்சைல்ட் 670, ஒளியுணர் தடையினால் இயங்கிய எல்ஏ-2ஏ, 1967 இல் வில்லியம் பட்னம் உருவாக்கிய 1176 ஆகியன வெவ்வேறு வகையில் ஒலியைப் பிடித்து விடுவன. இவற்றின் 'குணம்' கருதியே இவை விரும்பப்பட்டன. பல தடங்களைக் கலந்து ஒரு பாடலாக்கும்போது, கித்தார், வயலின், முரசுகள் ஆகியவற்றின் நடுவே பாடகரின் மெல்லிய மூச்சும் கேட்கச் செய்வது ஒடுக்கியே. திரைப்பாடலில் பாடகர் நம் காதருகே நின்று பாடுவதுபோன்ற உணர்வு பெரும்பாலும் இதனாலேயே பிறக்கின்றது.

பிடி நேரமும் விடு நேரமும் இசையின் இயல்பை எவ்வாறு மாற்றும் என்பதற்குத் தவில் சிறந்த சான்று. வலந்தலையில் கூடு அணிந்த விரல்களும் தொப்பியில் கோலும் எழுப்பும் ஒலி, கணப்பொழுதில் உச்சத்தை அடைந்து தணியும். பிடி நேரத்தை 1 மில்லிசெக்கன் அளவில் வைத்தால் கருவி அடியின் முனையையே நறுக்கிவிடும். தவில் பஞ்சு சுற்றியதுபோல் ஒலிக்கும். 20 அல்லது 30 மில்லிசெக்கனாக வைத்தால் அடி முழுமையாகக் கடந்துவிடும். அதனைத் தொடரும் அதிர்வே தாழ்த்தப்படும். அடிகள் ஒன்றிலிருந்தொன்று பிரிந்து தெளிவுபெறும். விடு நேரம் அளவுக்கு மீறி நீண்டால், ஓர் உரத்த அடியின்பின் வரும் நுண்ணிய சொற்கட்டுகளும் தாழ்த்தப்பட்டு மறையும். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933–1975) போன்ற மேதைகளின் வாசிப்பிற் கணக்கின் நுட்பம் அத்தகைய சொற்களிலேயே தங்கியுள்ளது. அவற்றை இழந்த பதிவிற் கேட்போருக்கு எஞ்சுவது வேகம் மட்டுமே.

1990கள் தொடக்கம் இறுவட்டு வணிகத்தில் வேறொரு போக்கு வலுப்பெற்றது. போட்டியாளரின் பாடலைவிடத் தமது பாடல் உரத்துக் கேட்கவேண்டுமென ஒவ்வொரு நிறுவனமும் ஒடுக்கத்தை மிகைப்படுத்தின. 96 தெசிபெல் இடமிருந்தும் சில தெசிபெல் எல்லைக்குள்ளேயே முழுப் பாடலும் நெருக்கப்பட்டது. 2008 இல் வெளியான மெற்றலிக்கா குழுவின் 'டெத் மக்னெற்றிக்' என்னும் தொகுப்பு இதன் காரணமாகக் கேட்போரின் கண்டனத்துக்குள்ளாயிற்று. 2006 இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் உரப்பை அளக்கும் பொது முறையொன்றை வகுத்தது. இன்று இணையவழி இசைச் சேவைகள் பல, எல்லாப் பாடலையும் ஏறக்குறைய ஒரே சராசரி உரப்புக்குத் தாமே கொணர்கின்றன. எனவே மிகையான ஒடுக்கத்தால் கிடைத்த வணிக அனுகூலம் பெரிதும் அற்றுப்போயிற்று; பழக்கம் மட்டும் முற்றாக மறையவில்லை.

6. தொழிற்பாடலும் ஒடுக்கமும்

இனி நமது தலையாய பொருளுக்கு வருவோம். வன்னியில் நெல் அறுவடையின்போது பாடப்படும் அருவிவெட்டுப் பாட்டும், கிழக்கே முல்லைத்தீவுக் கரையில் வலையிழுப்போர் பாடும் அம்பாப் பாட்டும் தொழிலோடு பிணைந்தவை. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றையோர் ஏற்றுப் பாடுவர். வலையிழுப்பிற் கூட்டத்தின் குரல் எழும் கணமும் உடல்கள் ஒருசேர இழுக்கும் கணமும் ஒன்றே. அரிவாள் வீச்சும் அவ்வாறே பாட்டின் கதியோடு இயைந்து செல்வது. ஆகவே இத்தகைய பாடல்களில் உரப்பின் ஏற்றவிறக்கம் வெறும் அலங்காரமன்று. அது உழைப்பின் வடிவம். எங்கே மூச்சு வாங்கினர், எங்கே பலம் சேர்த்தனர் என்பதை அது கூறும்.

முன்னர் கூறிய முப்பதுபேரை மீண்டும் நினைவு கொள்வோம். தலைவரின் குரல் மட்டத்தையே தொடக்க மட்டமாக வைத்து, 4 இற்கு 1 என்ற சாதாரண விகிதத்தில் ஒடுக்கினால், 15 தெசிபெல் இடைவெளி 4 தெசிபெலுக்கும் குறைவாகச் சுருங்கும். ஒலியாற்றலின் கணக்கில் இது இரு மடங்குக்குச் சற்று அதிகம். அதாவது முப்பதுபேர் இருவராகிவிடுகின்றனர். பாடலின் ஒரு சொல்லும் மாறவில்லை, மெட்டும் மாறவில்லை, ஆயினும் கூட்டுழைப்பு பாடலிலிருந்து வெளியேற்றப்பட்டுள்ளது. பல குரல்கள் கலந்திருப்பதன் சாயல் எஞ்சுமேனும், அதன் வலிமை எஞ்சுவதில்லை. தனிக்குரலை முன்னிறுத்திக் கூட்டத்தைப் பின்னணியாக்கும் திரைப்பாடலின் அளவீடுகளைத் தொழிற்பாடலுக்கும் பொருத்தும்போது நிகழ்வது இதுவே. பாடலின் தலைமைப் பாத்திரம் கூட்டமே என்பதை அவ்வளவீடுகள் அறியா.

இத்தீங்கு கலையகத்தில் மட்டும் நிகழ்வதன்று. பதிவு செய்யும் கணத்திலேயே நிகழ்ந்துவிடுகின்றது. 1970களிலும் 1980களிலும் களஆய்வாளர் கையிற் கிடைத்த சிறிய கசெற்றுப் பதிவுப்பெட்டிகள் பலவற்றில் தன்னியக்க மட்டக் கட்டுப்பாடு பொருத்தப்பட்டிருந்தது. அளவை அமைக்கத் தெரியாதவரும் பதிவு செய்யலாம் என்பது அதன் வசதி. உண்மையில் அது மிகக் கடுமையான ஓர் ஒடுக்கியே. அதன் விடு நேரம் சில செக்கன்கள் வரை நீளும். கூட்டத்தார் பாடி முடித்தவுடன் தலைவர் மெல்லத் தொடங்கும் அடி, தாழ்த்தப்பட்ட நிலையிலேயே நாடாவில் ஏறும். அடியின் நடுவிற் குரல் மெல்ல மேலெழும். பாட்டு ஓய்ந்த இடைவெளியிலோ சுற்றுப்புற இரைச்சல் அலைபோல எழுந்து வரும். அத்தகைய நாடாவை வைத்துக்கொண்டு 'பாடகர் அடியின் தொடக்கத்தைத் தணிந்த குரலிற் பாடுவர்' என ஓர் ஆய்வாளர் முடிவுகட்டின், அவர் பாடகரின் இயல்பையன்றிப் பெட்டியின் இயல்பையே விவரிக்கிறார்.

இன்று அப்பெட்டியின் இடத்தைக் கைத்தொலைபேசி பிடித்துள்ளது, குறை தீரவில்லை. தொலைபேசி, பேச்சைத் தெளிவாக அனுப்புவதற்கென அமைந்த கருவி. அதன் குரற்பதிவு மென்பொருள்கள் பலவற்றில் தன்னியக்க மட்டக் கட்டுப்பாட்டுடன் இரைச்சல் தணிப்பும் இயங்குகின்றது. இடையறாது ஒலிப்பதை இரைச்சலெனக் கருதித் தணிப்பது அதன் முறை. சுருதிப்பெட்டியின் ஒலியும், தூரத்துக் கூட்டத்தின் முணுமுணுப்பும் அவ்வாறு தணிக்கப்படலாம்.

பூநகரியின் காற்று இதனை மேலும் சிக்கலாக்குகின்றது. காற்றாலை மின்னுற்பத்திக்கு ஏற்ற இடமெனத் தெரிந்தெடுக்கப்படும் அளவுக்கு இங்கு காற்று வலியது. சோளகம் வீசும் மாதங்களில் காப்பற்ற ஒலிவாங்கியின்மேல் மோதும் காற்று, பாடுவோரின் குரலைவிட வலிய குறைமீடிறன் அதிர்வை உண்டாக்கும். தன்னியக்கக் கட்டுப்பாடு அதனையும் ஒலியென்றே கொள்ளும். எனவே ஒவ்வொரு காற்று மோதலுக்கும் குரல் தாழ்ந்து மீளும். பாட்டின் ஏற்றவிறக்கத்தைப் பாடுபவர் தீர்மானிப்பதற்குப் பதிலாகக் காற்றே தீர்மானிக்கும்.

ஒப்பாரியும் இங்கு கருதத்தக்கது. விம்மலாகத் தொடங்கிச் சொல்லாகித் திடீரெனக் கதறலாகும் அதன் போக்கில், துயரின் இலக்கணம் உரப்பிலேயே அமைந்துள்ளது. எல்லாவற்றையும் ஒரே உரப்புக்குக் கொணர்ந்த ஒப்பாரி, செய்யுள் ஒப்பித்தல் போலாகிவிடும்.

7. தேவையும் பழக்கமும்

இவ்விடத்தில் இரண்டாம் பகுதியிற் குறித்த எண்களுக்கு மீள்வோம். 50 தெசிபெல் மட்டுமே இடமிருந்த கசெற்றுக் காலத்தில், தலைவரின் மெல்லிய குரலையும் கூட்டத்தின் ஆரவாரத்தையும் இரைச்சலின்றி ஒருங்கே கொள்ளுதல் கடினமாயிருந்தது. அன்று பதிவின்போதே ஒடுக்கியோரைக் குறைகூற இயலாது. 24 பிற்றுப் பதிவிலோ அவ்விடநெருக்கடி இல்லை. உச்சத்துக்கு 12 முதல் 18 தெசிபெல் வரை கீழே அளவை அமைத்துப் பதிவு செய்தாலும், சாதனத்தின் இரைச்சல் வயல்வெளியின் அமைதியைவிட மிகக் கீழேயே இருக்கும். பதிவு செய்யும் கணத்தில் ஒடுக்குவதற்கான தொழினுட்பக் காரணம் மறைந்துவிட்டது. மறைந்த காரணத்தின் பழக்கம் மட்டும் கருவிகளில் எஞ்சியுள்ளது.

ஆயினும் கேட்போரின் நிலைமை முற்றாக மாறிவிடவில்லை. ஓடும் பேருந்தில் காதுக்கருவியோடு கேட்பவருக்கும், கடையிற் சிறிய ஒலிபெருக்கியிற் கேட்பவருக்கும் 15 தெசிபெல் இடைவெளியுள்ள பாடல் தொல்லையாகவே அமையும். தலைவரின் அடி அவர்களுக்குக் கேட்காது. எனவே தீர்வு ஒடுக்கத்தை விலக்குவதன்று. அதன் இடத்தை மாற்றுவதாகும். பதிவு ஒடுக்கப்படாததாக, ஆவணமாகப் பேணப்படல் வேண்டும். வெளியீட்டுக்கென அதன் பிரதியொன்றை எடுத்து, கேட்போரின் தேவைக்கேற்ப அப்பிரதியை ஒடுக்கலாம். பெல் ஆய்வுகூடத்தினர் கண்ட மீள்விரிவு, கலையகத்து ஒடுக்கத்துக்கு நடைமுறையிற் கிட்டாதாகையால், மூலத்தைப் பேணுதலே மீளும் ஒரே வழி.

நமது பல்கலைக்கழக மரபிலேயே இதற்கு ஒப்பானதொன்று உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனையில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளை மேடையேற்றியபோது, விடிய விடிய ஆடப்பட்ட கூத்தினைச் சில மணி நேரத்துள் அடக்கினார். நகர மேடைக்கும் புதிய பார்வையாளருக்கும் அது தேவையாயிருந்தது. அச்சுருக்கம் கூத்துக்குப் புதுவாழ்வளித்தது. ஆயினும் சுருங்கிய வடிவே மூலமெனக் கருதி, களரியில் ஆடப்படும் முழு இரவுக் கூத்தினைப் பதியாது விட்டிருப்போமாயின் இழப்பு ஈடுசெய்ய முடியாததாயிருக்கும். ஒலிப்பதிவிலும் நிலைமை இதுவே.

நடைமுறையிற் கொள்ளத்தக்கன சில. தன்னியக்க மட்டக் கட்டுப்பாட்டையும் இரைச்சல் தணிப்பையும் நிறுத்தக்கூடிய கருவியையோ மென்பொருளையோ தெரிந்தெடுத்தல் வேண்டும். ஒலிவாங்கிக்கு மயிர்ப்போர்வை போன்ற காற்றுத்தடை இடுதல் வேண்டும். ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச சங்கம் பரிந்துரைக்கும் குறைந்த அளவாகிய 48 கிலோ ஹேர்ட்ஸ், 24 பிற்று என்பதிற் பதிந்து, சுருக்கப்படாத கோப்பாகச் சேமித்தல் வேண்டும். எந்தக் கருவி, என்ன அளவு, எத்தனைபேர், ஒலிவாங்கி எவ்வளவு தூரத்தில் நின்றது என்பவற்றைப் பதிவோடு சேர்த்து எழுதி வைத்தல் வேண்டும்.

ஒலிவாங்கியின் இடம் குறித்தும் ஒரு சொல். வெட்டவெளியில் தூரம் இரு மடங்காகும்போது ஒலி 6 தெசிபெல் குறையும். தலைவரைச் சற்று அருகிலும் கூட்டத்தைச் சற்றுத் தொலைவிலும் கொள்ளுமாறு ஒலிவாங்கியை நிறுத்தின், எந்தக் கருவியுமின்றி இடைவெளியைச் சிறிது குறைக்கலாம். ஆயின் அதுவும் ஒரு தலையீடே என்பதை உணர்ந்து, செய்ததைக் குறித்து வைத்தல் நேர்மையாகும். வெளியீட்டுப் பிரதியில், ஒடுக்காத ஒலியோடு கடுமையாக ஒடுக்கிய அதே ஒலியைச் சிறிதளவு கலக்கும் முறையைக் கையாளலாம். உச்சங்களை அதிகம் நறுக்காது மெல்லொலியை உயர்த்துவதால் அது தொழிற்பாடலுக்குப் பெரிதும் பொருந்தும்.

8. முடிவுரை

2008 நவெம்பரில் பூநகரி இராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்த காலத்தையொட்டி, வன்னி மக்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தனர். 2009 மே மாதம் வரை நீண்ட அப்பயணத்தில் உயிர்களையும் உடைமைகளையும் இழந்தனர். வீடுகளிலிருந்த ஒலிநாடாக்களும் அவ்வுடைமைகளோடு போயின எனக் கொள்வதில் தவறில்லை. மீள்குடியேறியோரின் வயல்களில் இன்று அறுவடை இயந்திரம் இறங்குகின்றது. உழைப்பின் சுமை குறைந்தமை வரவேற்கத்தக்கதே. ஆயினும் அருவிவெட்டுப் பாட்டு அதன் தொழிலை இழந்துவிட்டது. அதனை அறிந்த முதியோர், கேட்க வருபவரின் கைத்தொலைபேசி முன் தனித்திருந்து பாடுகின்ற நிலையே எங்கும் காணப்படுகின்றது. ஏற்றுப்பாடும் கூட்டம் முதலில் வயலிலிருந்து மறைந்தது. ஒடுக்கப்பட்ட பதிவு, எஞ்சிய நினைவிலிருந்தும் அதனை மறைக்கும்.

ஆதலின் இயன்றவரை அம்முதியோரை ஒருங்கு சேர்த்து, வயலிலேயே, கூட்டாகப் பாடச் செய்து பதிதல் நமது உடனடிக் கடமையாகும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பிரிவினரும், கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியற் பீடத்தினரும் கைகோத்துச் செய்யத்தக்க பணி இது. ஒரு சாரார் பாடலை அறிவர். மற்றையோர் கருவியை அறிவர். 2005 தொடக்கம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை இலக்கமுறையிற் பேணிவரும் நூலகம் நிறுவனம் போன்ற அமைப்புகள் அப்பதிவுகளைக் காக்கும் இடமாகலாம்.

ஒடுக்கி நன்றோ தீதோ அன்று. தொலைவிலுள்ள கேட்போரிடம் ஒரு குரலைக் கொண்டுசேர்க்கும் பணியில் அது நல்ல துணை. எவர் கேட்பதற்காக, எந்தப் பிரதியில், எவ்வளவு என்று வினவாது அதனை இயங்கவிடும்போதே அது வரலாற்றைத் திருத்துகின்றது. முப்பதுபேர் சேர்ந்து வெட்டிய வயலின் பாட்டினைக் கேட்கும் வருங்கால மாணவருக்கு அங்கே முப்பதுபேர் நின்றனர் என்பது செவியால் தெரியவேண்டும். அதற்கு வேண்டிய இடம் இன்றைய கருவியில் உண்டு. அதனைப் பயன்படுத்துவதா, வீணாக்குவதா என்பது பதிவு செய்வோரின் கையிலேயே தங்கியுள்ளது.